இருபத்திரண்டு படிகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில்
திட்டம் மேலே இருக்கிறது, இரும்பு கீழே.
நடுவில் இருபத்திரண்டு படிகள்.
பன்னிரண்டாவது ஆடும்.

மேலே ஏசி. கணினியில்
எல்லாம் நடந்து முடிந்திருக்கும்:
செவ்வாய்க்கிழமை, பிரேக் பிஸ்டன், ஆயிரத்து நானூறு,
ஏழு மணிக்கு ஒரகடம் போகும் லாரி.
ஷிஃப்ட் முடிந்தால் அதுவாகவே
வரவு வைத்துக்கொள்ளும்.
திட்டத்துக்கு டூல் உடையாது.
திட்டத்துக்குக் கரண்ட் போகாது.
திட்டத்தின் ஆபரேட்டர்
ஒன்றுக்குக்கூட எழுந்து போவதில்லை.

கீழே
மூன்றாம் நம்பர் மெஷின், இரவு ஒன்று பத்துக்கு,
தொண்டையில் முள் மாட்டியதுபோல் ஒரு சத்தம் போட்டு
நின்றது.
கஜபதி கதவைத் திறந்து பார்த்தான்.
ஸ்பிண்டில் பேரிங். கை வைத்தால் சுட்டது.
ஸ்டோர் சாவி யாரிடமோ;
அந்த யாரோ ஆவடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
நேரத்தைத் தாளில் எழுதினான்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
அந்தத் தாள் படியேற
எட்டு மணியானது.

தாளைப் பிரித்து ஏற்றுபவள் நான்,
திட்டப் பிரிவில், ஒன்பது வருடமாக.
வியர்வையில் ஊறிய மூன்று எட்டாகத் தெரியும்.
கூலண்ட் பட்ட ஒன்று ஏழாகும்.
கணக்கு இடித்தால் கீழே கூப்பிட்டுக் கேட்பேன்.
கூப்பிட நேரமில்லாவிட்டால்
கொஞ்சம் தட்டி நேர் செய்வேன்.
ஒரு தொழிற்சாலை
என் விரல் நகங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று லாரி சரியாக வந்தது.
டிரைவர் டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார்.
திரையில் ஆயிரத்து நானூறு.
தட்டுகளில் ஆயிரத்து எண்பத்தெட்டு.
ஜி.எம். வேதநாயகம் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டை
தொட்டிகளுக்குப் பின்னால் தேடினார்,
ரிஜெக்ஷன் கூடைக்குள் தேடினார்,
கடைசியில் என் முகத்தில் தேடினார்.
பிறக்காத பிள்ளைக்கு
ரேஷன் கார்டில் பேர் எழுதியிருந்தோம்.

ஆவணியில் கீழே இன்னொரு சாஃப்ட்வேர் வந்தது.
"ஏற்கெனவே ஒண்ணு இருக்கேம்மா,
அதுக்கே கோடிக் கணக்குல கொட்டியிருக்கேன்," என்றார் முதலாளி.
நிறுவ வந்த ஷமீமா ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"எத்தனை மூட்டை அரிசின்னு அது சொல்லும் சார்.
எந்த அடுப்புல அடிபிடிக்குதுன்னு
அதுக்கு எப்படித் தெரியும்?"

இப்போது மெஷின் நின்றால்
பக்கத்துத் திரை கேட்கிறது: காரணம்?
டூல். பேரிங். மெட்டீரியல். கரண்ட். இதர.
கஜபதிக்குப் பிடிக்கவில்லை.
ஏழு நிமிடம் காணாமல் போனால்
ஏழு நிமிடம் என்று சொல்லிவிடுகிறது.
ஒரு வாரம் முழுக்க 'இதர'வையே அமுக்கினான்.
எட்டாம் நாள் 'பேரிங்'.
இருபது நிமிடத்தில் பேரிங் வந்தது,
சாவியோடு ஆளும் வந்தார்.
"பதினோரு வருஷத்துல இதான் ஃபர்ஸ்ட்டு,"
என்றான், சந்தேகத்தோடு.

எனக்குச் சட்டைப்பைத் தாள்கள் வருவதில்லை.
தட்டி நேர் செய்ய ஏதுமில்லை.
எண்கள் தாமாகவே ஏறி வருகின்றன,
பன்னிரண்டாவது படியை மிதிக்காமல்.

ஆனால் ராத்திரி இரண்டு நாற்பதுக்கு,
கொரட்டூரில், கொசுவலைக்குள்,
போன் ஒளிர்கிறது:
மூன்று நின்றது.
முன்பென்றால் எட்டு மணிவரை எனக்குத் தெரியாது.
தெரியாததால் தூங்கியிருக்கிறேன்
ஒன்பது வருடம்.
படுத்தபடியே மூன்றின் முந்நூறை
ஐந்தாம் மெஷினுக்கு நகர்த்துகிறேன்.
ஒரகடத்துக்கு ஒரு வரி:
லாரி எட்டரைக்கு வரட்டும்.

கஜபதி காரணத்தை அமுக்குகிறான்.
இதர.
எனக்குக் கோபம் வருகிறது.
பிறகுதான் கீழே, எழுத விட்ட கட்டத்தில், பார்க்கிறேன்:
மழ. கூரை ஒழுவுது.
பேனல் மேல தார்ப்பாய் போட்டிருக்கேன்.

எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன்.
இங்கே இன்னும் வரவில்லை மழை.